தண்ணீர் குடித்த எஞ்சின்

"வணக்கம், நாங்க இன்ஷூரன்ஸ்லேர்ந்து..."

குண்டூசி அதற்கு மேல் பேசவில்லை. கதவைத் திறந்த பெரியவனின் முஷ்டி அவன் மூக்கில் இறங்கியது. அவன் முகத்தில் மூக்கு என்று இருந்ததே கொஞ்சம்தான். அதுவும் மிச்சமிருக்கிறதா என்று தடவிப் பார்த்தபடி படகு ஷெட்டின் சிமென்ட் தரையில் உட்கார்ந்தான்.

"உனக்குப் பொய்யே சொல்ல வரல," என்றார் பின்னால் வந்த சர்வேயரம்மா.

"நான் இன்னும் சொல்லவே ஆரம்பிக்கல மேடம். பீடிகையிலயே அடிச்சுட்டாரு."

சர்வேயரம்மா ஒரு காலத்தில் மூழ்கிய படகு, எரிந்த படகு, எரித்த படகு எல்லாவற்றையும் பார்த்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதியவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். சந்தேகத்திலிருந்து மட்டும் ஓய்வு பெற முடியவில்லை, அதனால் துப்பறிகிறார். குண்டூசி அவருடைய உதவியாளன். உடம்பும் அப்படி, பேச்சும் அப்படி.

இருவரையும் தள்ளிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். முந்தின நாள் சாயங்காலம் இதே தரையில் புருஷனைப் பிணமாகப் பார்த்தவள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தாலும் குரல் உடையவில்லை.

"இவங்களை நான்தான் கூட்டிட்டு வந்தேன், பெரியத்தான். என் தம்பி எங்க?"

"உன் தம்பியா? என் தம்பியைக் கொன்னவன்னு சொல்லு."

"அவன் கொல்லல."

"அவன் ஸ்பேனராலதான் மண்டை பிளந்திருக்கு. நேத்துக் காலையில ஊரே பார்க்கப் பெயின்ட் டப்பாவைத் தூக்கி எறிஞ்சுட்டு, 'மாமா, உன்னைக் கொன்னாத்தான் இந்த போட் உருப்படும்'னு கத்தினவன் அவன். இதுக்கு மேல என்ன வேணும், அவன் கைநாட்டா?"

அண்ணன் தம்பி மூன்று பேர். பெரியவன் ஆற்றில் வாடகைப் படகு விடுகிறான். சின்னவன் அந்தப் படகுகளின் பின்னால் தொங்கும் அவுட்போர்டு எஞ்சின்களைப் பார்த்துக்கொள்கிறான். நடுவுளவன்தான் இந்த ஷெட்டின் சொந்தக்காரன், இப்போது ஆஸ்பத்திரிச் சவக்கிடங்கில் கிடக்கிறான். போலீஸ் அவனுடைய மச்சினனைத் தேடிக்கொண்டிருந்தது. பெரியவன் முந்திக்கொண்டான்.

சர்வேயரம்மா ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார். நடுவில், இரும்புத் தாங்கியின் மேல், ஆளுயரத்தில் அந்த ஜெட் படகு நின்றது. மூன்று பேருக்கும் அப்பா ஓட்டிய பந்தயப் படகு அது. ஒருநாள் சின்னவன் அதைக் கொண்டுபோய்ப் பாறையில் மோதினான். அப்புறம் தார்ப்பாய்க்கு அடியில், உள்ளே செடி முளைக்கிற அளவுக்குக் கிடந்தது. நடுவுளவனும் மச்சினனும்தான் அதன் தரையைப் பெயர்த்து, உளுத்துப்போன சட்டங்களைக் கையால் அள்ளிக் கொட்டி, புதுப் பலகை வைத்து, மேலே ஃபைபர் போட்டு, கண்ணாடி மாதிரி தேய்த்து எடுத்தார்கள். லாரிக்கு வைக்கிற அளவுக்குப் பெரிய எஞ்சின். ஆனால் பின்னால் புரொப்பெல்லர் கிடையாது. அடிவயிற்றில் தண்ணீரை உறிஞ்சிப் பின்பக்கமாகப் பீய்ச்சியடித்துக்கொண்டு பறக்கிற ஜாதி. புரொப்பெல்லர் படகு தரைதட்டுகிற முழங்கால் ஆழத்தில் இது ஓடும்.

"நேத்து இந்த எஞ்சின் சத்தம் கேட்டுச்சாமே?" என்றார்.

"பக்கத்து மரப்பட்டறை முழுக்கக் கேட்டுச்சு. சோதனை ஓட்டம்னு நினைச்சுக்கிட்டாங்க. அந்தச் சத்தத்துலதான் என் தம்பி கத்துனது யாருக்கும் கேட்கல. நான் அக்கரையில இருந்தேன், படகு நிறைய ஆளுங்களோட. எனக்கே லேசாக் கேட்டுச்சு. 'பரவாயில்ல, தம்பி எஞ்சினைக் கிளப்பிட்டான்'னு சந்தோஷப்பட்டேன்மா. அவன் சாகிற சத்தத்தை மூடுறதுக்குப் போட்டதுன்னு தெரியாம சந்தோஷப்பட்டேன்."

பெரியவன் பக்கத்திலிருந்த காலி டப்பாவை ஓங்கி உதைத்தான். பிறகு பெயின்ட் அறையின் கதவைத் திறந்து காட்டினான்.

உள்ளே மச்சினன் கிடந்தான். பழைய எஞ்சினின் இரும்புக் கூடு ஒன்றோடு அவனைச் சேர்த்து நைலான் கயிற்றால் கட்டியிருந்தார்கள். ஒரு கண் மூடிப் போயிருந்தது. வலது கையின் விரல்கள் போகக்கூடாத பக்கம் போயிருந்தன. அக்காக்காரி ஓடிப்போய் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"சின்னவன் டிராலி எடுத்துட்டு வரப் போயிருக்கான்," என்றான் பெரியவன். "வந்ததும் இவனையும் இரும்பையும் ஒண்ணா ஆத்துல இறக்கப் போறேன். என் தம்பியைக் கொன்னவன் எவனா இருந்தாலும் என் கையாலதான் சாகணும். பொணத்து மேல சத்தியம் பண்ணியிருக்கேன். நீங்க போலீஸைக் கூப்பிட்டா அதுக்கு முன்னாடியே இறக்கிடுவேன்."

"பெரியத்தான், நேத்துப் புருஷன். இன்னிக்குத் தம்பியுமா? அப்புறம் நான் எதுக்கு இருக்கணும்?"

சர்வேயரம்மா மச்சினன் பக்கத்தில் குந்தினார்.

"நான் கொல்லலைம்மா," என்றான் அவன், உடைந்த பல்லைத் துப்பிவிட்டு. "சண்டை வெறும் கலருக்குத்தான். நான் ஆரஞ்சு அடிக்கணும்னேன், மாமா நீலம்னாரு. மத்தியானமே சேர்ந்து சாப்பிட்டோம். சாயங்காலம் ஆரஞ்சு பெயின்ட் வாங்கத்தான் மாமா என்னை அனுப்பினாரு."

"கொல்லலைன்னு எல்லாரும்தான் சொல்வாங்க. வேற ஏதாவது சொல்லு."

மச்சினன் ஒற்றைக் கண்ணால் படகைப் பார்த்தான். "எஞ்சினுக்கு என்ன ஆச்சு? ஓடுதா?"

சாகப் போகிறவன் கேட்கிற கேள்வியா இது என்று குண்டூசிக்குத் தோன்றியது. சர்வேயரம்மாவுக்கு அப்படித் தோன்றவில்லை. படகில் ஏறிச் சாவியைத் திருப்பினார். 'டக்' என்று ஒரு சத்தம். அதோடு எஞ்சின் பிடிவாதமாக நின்றுவிட்டது.

"தண்ணி குடிச்சிருக்கு!" மச்சினன் அலறினான். விரல் உடைந்தபோது கூட அப்படி அலறியிருக்க மாட்டான். "இன்னொரு தடவை திருப்பாதீங்க! ராடு வளைஞ்சிடும். பிளக்கையெல்லாம் கழட்டிட்டுச் சுத்துங்க!"

"குண்டூசி."

"என்னையா மேடம்? எனக்கு ஸ்பேனருக்கும் ஸ்பூனுக்கும் வித்தியாசம் தெரியாதே."

"இன்னிக்குத் தெரிஞ்சுக்க."

குண்டூசி முனகிக்கொண்டே ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினான். கழற்றிய துளைகளில் ஒன்றுக்கு நேராகக் குனிந்து உள்ளே பார்த்தான். அந்த நேரம் பார்த்துச் சர்வேயரம்மா சாவியைத் திருப்பினார். துளையிலிருந்து தண்ணீர் பீறிட்டு அவன் முகத்தில் அடித்தது.

"நன்றி மேடம். மூக்கைக் கழுவணும்னு நானே நினைச்சேன்."

மச்சினன் விசும்பினான். "மாமா இப்படிப் பண்ணவே மாட்டாரு. நானும் மாட்டேன். இந்த எஞ்சினுக்குத் தண்ணி விடும்போது..."

பெரியவனின் கால் அவன் வாயில் விழுந்தது. பாதிப் பேச்சும் ரத்தமும் சேர்ந்து தரையில் வழிந்தன. "எஞ்சினுக்கு அழறான் பாரு! மனுஷனுக்கு அழல!"

அக்கா பெரியவனின் காலைக் கட்டிக்கொண்டாள். அவன் அவளை உதறினான். அவள் சுவரில் போய் மோதி விழுந்தாள், எழுந்து வந்து மறுபடியும் அதே காலைப் பிடித்தாள்.

வெளியே டிராலியின் சக்கரங்கள் கரகரத்தன. சின்னவன் வந்துவிட்டான்.

பெரியவனைப் பார்த்த கண்ணுக்கு இவன் வேறு வீட்டுப் பிள்ளை மாதிரி இருந்தான். ஒல்லி, மெல்லிய குரல், வாரிய தலை. முதல் வேலையாகக் கைக்குட்டையை எடுத்துக் குண்டூசியிடம் நீட்டினான். "ரத்தம் வருதே. மூக்கைப் புடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் குனிஞ்சு உக்காருங்க. அண்ணன் அடிச்சாரா? அவரு கோபக்காரரு, மனசுல ஒண்ணும் இருக்காது."

"மனசுல இல்லாததாலதான் கையில இவ்வளவு இருக்கு போல," என்றான் குண்டூசி.

அண்ணியைப் பார்த்துச் சின்னவன் கண் கலங்கினான். "நான் இந்த ஷெட்டுக்குள்ள கால் வெச்சு எவ்வளவு நாளாச்சு. இந்தத் தாங்கி மேல போட் ஏறினப்புறம் இன்னிக்குத்தான் பார்க்கறேன். அண்ணன் என்னை உள்ள விடலையே. கடைசியில இந்தக் கோலத்துலயா அண்ணி வரணும் நான்?"

சர்வேயரம்மா எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"பெரியவரே, உங்க இஷ்டப்படி நடக்கட்டும். நான் தடுக்கல."

"மேடம்!" என்றாள் அக்கா.

"ஒரே ஒரு சோதனை மட்டும் பண்ணிக்கறேன். எஞ்சின் ஓடும்போது பெயின்ட் ரூம்ல கத்தினா வாசலுக்குக் கேட்குதான்னு பார்க்கணும். கேட்கலைன்னா உங்க கணக்கு சரி. குண்டூசி, பிளக்கை மாட்டிட்டு உள்ள போய்க் கத்து."

"நடிக்கவே வேணாம் மேடம். மூக்கை நினைச்சாலே போதும்."

பிளக்குகள் மறுபடி ஏறின. சர்வேயரம்மா வாசலுக்குப் போய் நின்றார். "யாராவது எஞ்சினைப் போடுங்க."

பெரியவன் சின்னவனைப் பார்த்தான். சின்னவன் தலையை ஆட்டினான். "எனக்கு இந்த ஜாதி எஞ்சின் பழக்கமில்லையே அண்ணே."

"இத்தனை அவுட்போர்டு எஞ்சினைக் கழட்டி மாட்டறவன், இதை ஒரு நிமிஷம் போட மாட்டியா? போடுடா, நேரமாகுது."

சின்னவன் பெருமூச்சு விட்டான். கதவோரமாகப் பளபளவென்று ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. அவன் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. நேராக வேலை மேஜைக்குப் போனான், குனிந்தான், அடியில் கிடந்த சாக்கை விலக்கினான், அதன் பின்னால் இருந்த வால்வைத் திருகினான். எஞ்சினைக் குளிர்விக்கப் படகுக்குப் போகிற ரப்பர் குழாய் தண்ணீர் ஏறி விறைத்தது. அப்புறம்தான் சாவியைத் திருப்பப் படகில் ஏறக் கால் தூக்கினான்.

"டேய்!"

பெயின்ட் அறையிலிருந்து வந்த அந்தக் கத்தல் குண்டூசியுடையது அல்ல. வாயெல்லாம் ரத்தமாகக் கிடந்த மச்சினனுடையது.

"தண்ணியை மூடுடா பாவி! எஞ்சினைப் போட்டப்புறம்தான்டா தண்ணி விடணும்! மறுபடியும் குடிக்க வெச்சிடாதடா!"

தூக்கிய கால் அப்படியே நின்றது. சர்வேயரம்மா நடந்து வந்து வால்வை மூடினார்.

"சோதனை முடிஞ்சுது. குண்டூசி, நீ கத்த வேணாம்."

"அப்பாடா. தொண்டையாவது தப்பிச்சுது," என்று கதவிடுக்கில் தலையை நீட்டினான் குண்டூசி. "ஆனா எனக்கு ஒண்ணும் புரியல மேடம்."

"எனக்கும் புரியல," என்றான் பெரியவன். "தண்ணியை முதல்ல விடறதுதானே முறை? நானும் அப்படித்தான் விடுவேன்."

"விடுவீங்க. உங்க அவுட்போர்டுக்கு அதான் முறை. முதல்ல தண்ணி, அப்புறம் எஞ்சின். நிறுத்தும்போது முதல்ல எஞ்சின், கடைசியில தண்ணி. மாத்திச் செஞ்சா உள்ள இருக்கிற பம்ப் காய்ஞ்சு போயிடும். இந்த ஜெட் எஞ்சினுக்கு எல்லாம் தலைகீழ். போற தண்ணி புகைக்குழாய் வழியாத்தான் வெளிய வரணும், அந்தப் புகைதான் அதைத் தள்ளும். எஞ்சின் ஓடாம தண்ணி மட்டும் ஓடினா, போக வழியில்லாம திரும்பி உள்ளயே இறங்கிடும். உங்க படகு ஆத்துல மூழ்கும், இது உள்ளுக்குள்ளயே மூழ்கும்."

பெரியவன் படகுக்குப் போகிற ரப்பர் குழாயைப் பார்த்தான்.

"நேத்து இந்த எஞ்சினைப் போட்டவன் யாரு? ஒண்ணுமே தெரியாதவன்னா தண்ணியே விட்டிருக்க மாட்டான். எல்லாம் தெரிஞ்ச மச்சினன்னா எஞ்சினைப் போட்டுட்டுத்தான் விட்டிருப்பான், தண்ணியை மூடிட்டுத்தான் நிறுத்தியிருப்பான். ஒரு ஆளைக் கொல்ற அவசரத்துலயும் எஞ்சின் சூடாகிடக் கூடாதேன்னு தண்ணி விட்டிருக்கான் பாருங்க, அவன் படகுக்காரன். எஞ்சினை நிறுத்திட்டுத் தண்ணியை ஓடவிட்டு, அப்புறம் சாவகாசமா மூடியிருக்கான் பாருங்க, அவன் அவுட்போர்டுக்காரன்."

"அப்படிப் பார்த்தா நானும்தான்..."

"நீங்க அக்கரையில இருந்தீங்க, படகு நிறையச் சாட்சியோட. அதுவும் தவிர, உங்களைத் தண்ணி விடச் சொல்லியிருந்தா அந்தக் கதவோரக் குழாய்க்குத்தான் போயிருப்பீங்க. நானும் அங்கதான் போயிருப்பேன்." சர்வேயரம்மா அக்காவிடம் திரும்பினார். "மேஜைக்கு அடியில வால்வு எப்பம்மா வெச்சது?"

"போட்டைத் தாங்கி மேல ஏத்தினப்புறம்தான். இவரும் தம்பியும் வெச்சாங்க. எனக்கே சாக்கை விலக்கினாத்தான் தெரியும்."

எல்லாரும் சின்னவனைப் பார்த்தார்கள். அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கை செய்த துரோகத்தை அவனால் நம்ப முடியவில்லை.

"ஒரே ஒரு தடவைண்ணே," என்றான் மெதுவாக. "ஆத்துல இறக்கற அன்னிக்கு ஒரே ஒரு தடவை நான் ஓட்டறேன்னு கேட்டேன். அப்பா போட்டை உடைச்சவன், உடைச்சவன்னு எத்தனை வருஷம்ணே கேட்கறது? ஊர் முன்னாடி ஒரு தடவை ஒழுங்கா ஓட்டிக் காட்டினா அந்தப் பேரு போயிடும்னு நினைச்சேன். கெஞ்சினேன். மேஜைக்கு அடியில அந்த வால்வை முறுக்கிக்கிட்டே அவன் சிரிச்சான். 'நீ ஓட்டினா மறுபடியும் தார்ப்பாய் வாங்கணும்டா'ன்னான். ஸ்பேனர் கைக்கிட்ட இருந்துச்சு. ஒரு அடிதான் அடிச்சேன். அவன் கத்த ஆரம்பிச்சுட்டான். கத்தாதடான்னு சொன்னேன், கேட்கல."

"அதுக்காக எஞ்சினைப் போட்டுட்டு வந்து மிச்சத்தை அடிச்சே," என்றார் சர்வேயரம்மா.

மெல்லிய குரல் போன இடம் தெரியவில்லை. சின்னவன் மேஜை மேலிருந்த கிரைண்டரைப் பிடுங்கி முடுக்கினான். ஃபைபர் தேய்க்கிற தகடு வீலென்று சுழன்றது. முதல் வீச்சு சர்வேயரம்மாவின் தோளை உரசி, புடவையையும் சதையையும் சேர்த்துக் கிழித்தது. இரண்டாவது வீச்சு பெயின்ட் அறைப் பக்கம். கட்டிக் கிடந்தவனின் கழுத்துக்குக் குறி வைத்துப் பாய்ந்தான். அக்கா தம்பியின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள்.

சட்டென்று வீல் சத்தம் இறங்கி அடங்கியது. சுவரோரம் குண்டூசி நின்றிருந்தான், கையில் பிடுங்கிய கரண்ட் பிளக்கோடு.

"ஸ்பார்க் பிளக் எனக்குப் புதுசு. இந்த பிளக் பழக்கம்தான்."

செத்த கிரைண்டர் அவன் முழங்கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. குண்டூசி, நகைச்சுவை எதுவும் மிச்சமில்லாமல், வலியில் சுருண்டு விழுந்தான். சின்னவன் மறுபடியும் கையை ஓங்கினான்.

ஓங்கிய கை கீழே வரவில்லை. பெரியவன் பிடித்திருந்தான். மணிக்கட்டை ஒரே திருகு. சின்னவன் வீறிட்டபடி மண்டியிட்டான். பெரியவன் அவன் முகத்தில் முட்டியால் இடித்தான், மல்லாக்கத் தள்ளினான், டிராலியிலிருந்து இரும்புக் கம்பியை உருவினான். மச்சினனுக்கென்று கொண்டு வந்த கம்பி அது.

"அண்ணே, நான் உன் தம்பிண்ணே!"

"அவனும்தான்டா!"

கம்பி மேலே போயிற்று. சர்வேயரம்மா ரத்தம் ஒழுகும் தோளோடு குறுக்கே வந்தார். பெரியவன் ஒரு கையால் அவரை அப்படியே தூக்கி ஓரமாக வைத்தான். அவன் கண்ணில் யாரும் இல்லை.

"பெரியத்தான்."

அக்கா எழுந்திருக்கவில்லை. தம்பியின் மேல் கவிழ்ந்தபடியே தலையை மட்டும் திருப்பியிருந்தாள்.

"அடிங்க. நான் தடுக்கல. என் புருஷனைக் கொன்னவன், அவனுக்காக நான் எதுக்குப் பேசணும்? ஆனா நேத்து வீட்டுக்குப் போய் அத்தைகிட்ட, உங்க பிள்ளை செத்துட்டான்னு நான்தான் சொன்னேன். நீங்க யாரும் வரல. அவங்க என் கையைப் புடிச்சுக்கிட்டு, 'எந்தப் பிள்ளைம்மா'ன்னு கேட்டாங்க. இன்னிக்கு நீங்க போய்ச் சொல்லுங்க. எந்தப் பிள்ளைன்னு கேட்டா இவன் பேரைச் சொல்லுங்க. யாரு கொன்னதுன்னு கேட்டா உங்க பேரைச் சொல்லுங்க."

கம்பி மேலேயே நின்றது. பெரியவனின் வாய் கோணியது. அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இவ்வளவு பெரிய உடம்புக்குள் இருந்து அப்படி ஒரு அழுகை வரும் என்று அங்கே யாரும் எதிர்பார்க்கவில்லை. கம்பி தரையில் விழுந்து உருண்டது.

குண்டூசி நல்ல கையால் போலீஸுக்குப் போன் போட்டான். சின்னவன் உடைந்த மணிக்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூலையில் முனகினான். அவன் பக்கம் யாரும் போகவில்லை.

பெரியவன் மச்சினன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். தான் உடைத்த விரல்களைப் பார்த்தான். தான் மிதித்த வாயைப் பார்த்தான். கயிற்றின் முடிச்சில் கை வைத்து இழுத்தான். வரவில்லை. நகத்தால் நெம்பினான், பல்லால் கடித்தான், முடிச்சு அசையவில்லை.

கடைசியில் முடிச்சை விட்டுவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"நீயே அவிழ்த்து விடும்மா. நான் ரொம்ப இறுக்கிக் கட்டிட்டேன்."